ஒளியை எதில் பிடிப்பது? புகைப்படக் கலையில் செய்முறையும் எண்ணமும்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 1858-இல் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் படம் பிடித்தார். அப்போது அவர் மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரர். எந்தக் கேமராவும் ஒரே பார்வையில் அடக்கிவிட முடியாத நீளம் அந்தக் கல்வெட்டு வரிசை. பகுதி பகுதியாக எடுத்து 21 அச்சுகளை ஒன்றோடொன்று ஒட்டினார். 19 அடிக்கு மேல் நீளும் ஒரே படம் கிடைத்தது. விமானத்தைச் சுற்றி நடப்பவர் கண்ணில் எழுத்துகள் எந்த வரிசையில் படுமோ அதே வரிசையில் அதை வாசித்துப் போகலாம்.

அதே ட்ரைப் இன்னொன்றும் செய்தார். அன்றைய வெள்ளி உப்புகளுக்கு நீல ஒளிதான் நன்றாக உறைக்கும். கோபுரத்துக்கு வேண்டிய அளவு ஒளியை விட்டால் வானம் அளவு மீறி வெளிறிவிடும். காகித நெகட்டிவில் அது திட்டுத்திட்டாகவும் விழும். ட்ரைப் நெகட்டிவின் மேல் தூரிகையால் சாயம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். அவருடைய பர்மா படங்களிலும் தென்னிந்தியப் படங்களிலும் அழகாக மிதக்கும் மேகங்கள் பல அப்படி வந்தவைதான்.

இரண்டும் செய்முறை பற்றிய முடிவுகள். முதலாவதில் படத்தின் நோக்கமே செய்முறையின் மேல் நிற்கிறது: ஒட்டாமல் அந்தப் படம் இல்லை, ஒட்டாமல் அந்த வாசிப்பும் இல்லை. இரண்டாவதில் செய்முறையின் குறை கைத்திறனால் மூடப்படுகிறது. கல்வெட்டுப் படம் ஒரு கருத்து. மேகம் ஒரு பூச்சு. புகைப்படக் கலையில் செய்முறைத் தேர்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். பழைய முறையில் எடுத்தது, கையால் அச்சிட்டது என்ற செய்தியே கலைத் தகுதிபோலச் சொல்லப்படுகிறது. எனக்கு இது போதவில்லை. அதே காட்சியை வேறொரு செய்முறையில் எடுத்திருந்தால் எது போயிருக்கும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தோற்றம் மட்டுமே போயிருக்கும் என்றால், கலைஞர் ஒரு சாயலைத் தேர்ந்திருக்கிறார், அவ்வளவுதான். படம் சொல்ல வந்ததே போயிருக்கும் என்றால் அங்கே செய்முறை எண்ணத்தைத் தாங்கி நிற்கிறது. ஏறத்தாழ 180 ஆண்டு வரலாற்றை இந்தக் கேள்வியோடு புரட்டிப் பார்ப்பதுதான் இங்கே நோக்கம்.

தேர்வு என்பது பிற்காலத்து ஆடம்பரம் இல்லை. 1839-இல் புகைப்படம் உலகுக்கு அறிவிக்கப்பட்ட வேளையிலேயே இரண்டு வழிகள் இருந்தன. பாரிசில் டாகேர் வெள்ளி பூசிய செப்புத் தகட்டை அயோடின் ஆவியில் காட்டி, பாதரச ஆவியில் படத்தை வெளிக்கொணர்ந்தார். ஊசிமுனைத் துல்லியம், ஆனால் ஒரே ஒரு பிரதி, கண்ணாடிபோலப் பளபளக்கும் பரப்பு. இங்கிலாந்தில் டால்பட் காகிதத்தில் நெகட்டிவ் எடுத்து அதிலிருந்து வேண்டிய அளவு பிரதி எடுத்தார். ஆனால் காகித நார் நுணுக்கங்களை விழுங்கிவிடும். 1841-இல் டால்பட் தன் கலோடைப் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். அந்த உரிமை ஸ்காட்லாந்தில் செல்லாது. எடின்பரோவில் ஓவியர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில்லும் இளைஞர் ராபர்ட் ஆடம்சனும் 1843 முதல் கலோடைப்பில் இறங்கியதற்கு அழகியலோடு இந்தச் சட்டச் சந்தும் காரணம். ஸ்காட்லாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்து வந்த போதகர்கள் நூற்றுக்கணக்கானோரை ஒரே ஓவியத்தில் தீட்ட ஹில் எண்ணியிருந்தார். முகங்களை நினைவில் வைக்கக் குறிப்பாகத்தான் புகைப்படங்கள் எடுக்கப்பட்டன. ஓவியம் முடிய 1866 ஆயிற்று. இன்று அதைத் தேடிப் போய்ப் பார்ப்பவர் குறைவு. குறிப்புக்காக எடுத்த கலோடைப்புகளையும், பக்கத்து நியூஹேவன் மீனவக் குப்பத்துப் பெண்களின் படங்களையும்தான் உலகம் போற்றுகிறது. நுணுக்கம் கரைந்து நிழலும் வெளிச்சமும் பெருந்திரளாக நிற்கும் அந்தக் காகிதப் பரப்பை ஹில் குறையாக எண்ணவில்லை. ஓவியக் கண் அதில் தனக்கு வேண்டியதைக் கண்டுகொண்டது.

ஆங்கிலேயத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸின் கதை இன்னும் தெளிவு. கடற்பாசிகளைக் கையால் வரைவது அவருக்குத் தீராத தொல்லை. அவ்வளவு நுண்ணிய இழைகள். 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த சயனோடைப்பை அவர் கையிலெடுத்தார். இரண்டு இரும்பு உப்புகளைக் கலந்து பூசிய காகிதத்தின் மேல் பாசியை நேராக வைத்து, வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் வேலை முடிந்தது. கேமரா இல்லை, லென்ஸ் இல்லை. படத்தில் இருக்கும் பாசி உண்மைப் பாசியின் அதே அளவு, ஏனெனில் அது அங்கே கிடந்தது. 1843-இல் வெளிவரத் தொடங்கி பத்தாண்டு தொடர்ந்த அவருடைய பாசித் தொகுதியில் இந்தத் தொடுதல்தான் அறிவியல் சான்று. அந்த ஆழ்ந்த நீலத்தைக் கடலின் நீலத்தோடு சேர்த்து எழுதாத விமர்சகர் குறைவு. அது தற்செயல், நிலத்துத் தாவரங்களையும் அவர் அதே நீலத்தில்தான் பதித்தார். சயனோடைப்பின் உண்மையான வலு நிறத்தில் இல்லை, தொடுதலில் இருக்கிறது. பிற்காலத்தில் பொறியாளர்கள் தங்கள் வரைபடங்களைப் புளூபிரிண்டாகப் பெருக்கியதும் இதே காரணத்தால்தான்: வைத்தது வைத்தபடி விழும்.

1851-இல் ஆர்ச்சர் கண்ணாடித் தகட்டுக் கொலோடியன் முறையை வெளியிட்டதும் நிலவரம் மாறியது. கண்ணாடியின் தெளிவும் காகிதத்தின் பிரதியெடுப்பும் சேர்ந்து கிடைத்தன. விலை என்னவென்றால் அவசரம். தகட்டில் கொலோடியனை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, கேமராவில் வைத்து எடுத்து, ஈரம் காய்வதற்குள் டெவலப் செய்தாக வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம்தான். வெயில் நாட்டில் அதுவும் இல்லை. இருட்டறையையே தூக்கிக்கொண்டு போக வேண்டிய இந்த முறையில்தான் கிரிமியப் போரும் அமெரிக்க உள்நாட்டுப் போரும் பதிவாயின. போர் நடக்கும் கணத்தை எடுக்க முடியாது. ஆகவே நாம் காண்பது போருக்கு முந்தைய வரிசைகளையும் பிந்தைய பிணங்களையும். அந்த நூற்றாண்டின் போர்ப் படங்களுக்கு அப்படியோர் அமைதியைக் கொடுத்ததில் எடுத்தவரின் மனத்தைவிடத் தகட்டின் மந்தத்துக்குப் பங்கு அதிகம்.

இதே கொலோடியனைத் தன் இயல்புக்கு வளைத்தவர் ஜூலியா மார்கரெட் கேமரன். கல்கத்தாவில் பிறந்தவர், 48 வயதில் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராவோடு தொடங்கினார். பெரிய தகடு, அருகிலிருந்து எடுத்த முகம், நீண்ட நேர ஒளி, கூர்மை தவறிய குவியம். தகட்டில் விரல்ரேகையும் கீறலும் ஓடிய கொலோடியனும் அப்படியே இருக்கும். அன்றைய புகைப்படச் சங்கத்தார் இதைக் கைத்திறக் குறை என்று நகைத்தார்கள். கூர்மை என்றால் எது, யார் வகுத்தது என்று அவர் திருப்பிக் கேட்டார். உட்கார்ந்திருப்பவர் அசையாதிருக்க வேண்டிய நீண்ட விநாடிகள் முகத்தில் ஒருவித உள்முகப் பார்வையைக் கொண்டுவருகின்றன. தாமஸ் கார்லைலின் தலையையும் ஹெர்ஷலின் நரைத்த முடியையும் அவர் 1867-இல் எடுத்த படங்களில் இது நன்றாகத் தெரியும்.

1875-இல் கணவரின் தோட்டங்கள் இருந்த இலங்கைக்கு அவர் குடிபெயர்ந்தார். 1879-இல் அங்கேயே இறந்து பொகவந்தலாவையில் அடக்கமானார். அங்கே எடுத்ததில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. கிராமத்து மக்கள், தோட்டத்து உழைப்பாளிகள். லென்ஸும் தகடும் அதே குடும்பம்தான். ஆனால் இங்கிலாந்தில் பெரும்புள்ளிகளுக்குக் கிடைத்த பெயர்க் குறிப்பு இவர்களில் பெரும்பாலோருக்கு இல்லை, ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்கிற மாதிரி ஒரு பொதுத் தலைப்பு. செய்முறை ஒன்றே ஆனாலும் அதன் நெருக்கம் யாருக்கு முழுதாக வழங்கப்படுகிறது என்பதைக் கேமராவுக்குப் பின்னால் இருப்பவரின் சமூக இடம் முடிவு செய்கிறது. செய்முறையைத் தனியே புகழ்ந்து எழுதும் நூல்கள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

இந்தப் படங்களில் இன்னொன்றும் உண்டு. கொலோடியனுக்குச் சிவப்பும் மஞ்சளும் ஏறக்குறைய தெரியாது. ஆகவே மாநிறத் தோல் அதில் இயல்பைவிடக் கறுத்து விழும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘இந்திய இனவகைகள்’ என்று அடுக்கிய ஆல்பங்களில் நம் முன்னோர் முகங்கள் இருண்டு கிடப்பதில் வேதியியலுக்கும் பங்கு உண்டு. புகைப்படம் உள்ளதை உள்ளபடி காட்டுகிறது என்ற நம்பிக்கையோடு அந்த ஆல்பங்கள் நிர்வாகக் கோப்புகளில் ஏறின. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் முகத்துக்கு பவுடர் அப்பியதும், நெகட்டிவில் முகப்பகுதியில் பென்சிலால் டச்சிங் செய்து அச்சில் நிறத்தைத் தூக்கியதும் வெறும் சிவப்புத் தோல் மோகமா, தங்கள் முகத்தைச் சரியாகப் பார்க்கத் தெரியாத பொருளோடு நடத்திய பேரமா? இரண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

இந்தப் பிரச்சினை கொலோடியனோடு ஒழிந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டு வண்ணப் படச்சுருள்களை ஆய்வகங்கள் வெள்ளைத் தோல் பெண்ணின் படம் போட்ட அட்டையை வைத்துத்தான் சரிபார்த்தன. ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். 1970-களின் இறுதியில் மொசாம்பிக்குக்கு வேலையாகப் போன பிரெஞ்சு இயக்குநர் கோதார், கோடாக் படச்சுருளே இனவாதமானது என்று சொல்லி அதைப் பயன்படுத்த மறுத்தார். தென்னாப்பிரிக்காவில் கறுப்பர்கள் கட்டாயமாகச் சுமக்க வேண்டியிருந்த அடையாளப் புத்தகத்துக்கான படங்களுக்கு போலராய்டின் ஐடி-2 கேமரா பயன்பட்டது; பிளாஷ் ஒளியைக் கூட்டும் தனிப் பொத்தான் அதில் உண்டு. 1970-இல் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த கரோலின் ஹன்டரும் கென் வில்லியம்ஸும் இதை எதிர்த்து இயக்கம் தொடங்கினார்கள். 1977-இல் போலராய்டு தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. இந்த வரலாற்றைக் கையிலெடுத்த லண்டன் கலைஞர் இணை ஆடம் புரூம்பர்க், ஆலிவர் சனாரின், காலாவதியான கோடாக் சுருள்களோடு காபோன் நாட்டுக்குப் போனார்கள். ஐடி-2 கேமராவைத் தேடிப்பிடித்துத் தென்னாப்பிரிக்காவில் செடிகொடிகளைப் படமெடுத்தார்கள். கேட்கும்போது எண்ணம் கூர்மையாக இருக்கிறது. ஆனால் சுவரில் தொங்கும் செடிப் படத்தைப் பார்க்கிறவர் பக்கத்திலுள்ள விளக்கத்தைப் படிக்காவிட்டால் எதுவும் தெரியாது. எண்ணம் செய்முறைக்குள் புகுந்தும் படத்துக்குள் வந்து சேரவில்லை. சமகாலக் கலையில் பெருகிவரும் நோய் இது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த பெரிய சண்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புகைப்படம் கலைதான் என்று நிறுவ ஒரு தரப்பு பசையும் நிறமியும் கலந்த கம் பைகுரோமேட், பிளாட்டினம் என்று அச்சு முறைகளில் தூரிகையின் கைவரிசையைக் கொண்டுவந்தது. எட்வர்ட் ஸ்டைக்கனின் 1904-ஆம் ஆண்டு நிலவொளிக் குளம் அதன் உச்சம். அதன் பிரதி ஒன்று 2006-இல் 29 லட்சம் டாலருக்கு விலைபோனது. 1932-இல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் வெஸ்டன், ஆன்சல் ஆடம்ஸ் முதலியோர் சேர்ந்த ‘எஃப் 64’ குழு இதற்கு நேர் எதிர்: சிறிய துளை, பெரிய நெகட்டிவ், பளபளக்கும் காகிதம், கையை மறைத்துவிடும் துல்லியம். வெஸ்டன் நெகட்டிவின் அளவிலேயே அச்சிட்டார், பெருக்கவில்லை. இரு தரப்பும் தங்கள் முறையே புகைப்படத்தின் இயல்பு என்று சத்தியம் செய்தன. தூய்மை என்று ஒன்று இல்லை, அதுவும் ஒரு தேர்வுதான் என்பது பிற்பாடுதான் தெளிந்தது. போருக்குப் பிந்தைய ஜப்பானில் டைடோ மொரியாமாவும் 1968-இல் தொடங்கிய ‘புரொவோக்’ இதழ்க்காரர்களும் பருக்கை, நடுக்கம், குவியம் தவறல் ஆகியவற்றையே மொழியாக்கியபோது அதில் ஓர் அரசியல் வாதம் இருந்தது: அமெரிக்கப் படைத்தளங்களுக்கும் திடீர்ச் செழிப்புக்கும் நடுவே தெளிவாகத் தெரிகிறது என்று சொல்வதே பொய். அந்தப் பருக்கையை இப்போது ஒரு பொத்தானில் வாங்கலாம். வாதம் அதோடு வருவதில்லை.

காலத்தைப் பற்றிச் சிந்திக்கச் செய்முறையைப் பயன்படுத்தியவர்களில் ஹிரோஷி சுகிமோட்டோவை விட எளிமையானவர் இல்லை. 1970-களின் பிற்பகுதியில் தொடங்கிய திரையரங்கு வரிசையில், சினிமா ஓடத் தொடங்கும்போது ஷட்டரைத் திறந்தார். படம் முடியும்போது மூடினார். திரை முழுக்க வெண்மை. காதலும் கொலையும் பாட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து ஒன்றுமில்லாமல் போயின. அந்த வெளிச்சத்தில் அரங்கின் சுவரும் நாற்காலியும் துலங்கின. இதைக் கணினியில் வெள்ளைத் திரை ஒட்டிச் செய்தால் கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. ஆனாலும் படம் செத்துவிடும். அந்த வெண்மையில் ஒரு முழு சினிமா அடங்கியிருக்கிறது என்ற உண்மைதான் படத்தின் பொருள். செய்முறையின் நேர்மையே சான்றாக நிற்கும் இடம் இது.

நிறத்துக்கு வருவோம். வில்லியம் எகிள்ஸ்டனின் வண்ணப் படங்கள் 1976-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தொங்கியபோது பலருக்கு எரிச்சல் வந்தது. வண்ணம் விளம்பரத்துக்கு உரியது என்பது அன்றைய எண்ணம். எகிள்ஸ்டன் கையாண்ட டை-டிரான்ஸ்ஃபர் அச்சும் விளம்பர உலகிலிருந்து எடுத்ததுதான். மூன்று நிறங்களுக்கு மூன்று அச்சுத் தகடுகள் செய்து, சாயத்தில் ஊறவைத்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பிசகாமல் பதிக்கும், செலவு பிடித்த முறை. வாசனைத் திரவியப் புட்டிகளுக்கும் சிகரெட்டுக்கும் செய்யும் அந்த ராஜ உபசாரத்தை அவர் அமெரிக்கத் தெற்கின் மூன்று சக்கரச் சைக்கிளுக்கும், மின்கம்பி ஓடும் சிவந்த கூரைக்கும் செய்தார். பொருளின் எளிமையும் அச்சின் ஆடம்பரமும் மோதும் இடத்தில்தான் அந்தப் படங்கள் உயிர் பெறுகின்றன. சாதாரண வண்ண அச்சில் அவை வெறும் தெருக்காட்சி.

நம் பக்கத்தில் ரகுபீர் சிங் கோடாக்குரோம் வண்ணச் சுருளில் கங்கையையும் கேரளத்தையும் தமிழ்நாட்டையும் எடுத்தார். கறுப்பு வெள்ளையின் துயரம் மேற்கின் நவீனத்துவத்துக்குச் சொந்தம், இந்தியக் கண்ணுக்கு வண்ணமே உள்ளியல்பு என்பது அவர் முன்வைத்த வாதம். கறுப்பு வெள்ளை சினிமாவில் வளர்ந்த ஒரு தலைமுறைத் தமிழர் இதை முழுதாக ஏற்பார்களா என்று தெரியவில்லை. ஆனாலும் படச்சுருள் வகை ஒன்றை ஒரு நாட்டின் பார்வை மரபோடு சேர்த்து யோசித்த துணிவுக்காக அவரை மதிக்கிறேன். அம்பாசடர் காரின் கதவுகளையும் கண்ணாடிகளையும் சட்டகமாக்கி அவர் எடுத்த படங்களில் வண்ணம் வாதத்தைவிடச் சிறப்பாகப் பேசுகிறது.

கடந்த முப்பது ஆண்டுகளில் பழைய முறைகள் திரும்பி வந்திருக்கின்றன. டிஜிட்டலின் சலிப்பற்ற தெளிவுக்கு எதிர்வினை என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரும்பகுதி அப்படித்தான், ஏக்கம்தான். கண்ணாடித் தகட்டில் நண்பர்களின் தாடி மீசையை எடுத்து மாட்டி வைப்பதில் தவறில்லை, ஆனால் அது பொழுதுபோக்கு. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் சாலி மேன் வேறு வகை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆன்டீட்டம் வயலில் 1862 செப்டம்பரில் கிடந்த பிணங்களை அலெக்சாண்டர் கார்டனர் கொலோடியனில் எடுத்தார். ஏறத்தாழ 140 ஆண்டுகள் கழித்து அதே வயலுக்கு மேன் அதே கொலோடியனோடு போனார். இப்போது அங்கே புல்லும் மரமும்தான். தகட்டில் தூசி, ஓடிய திரவம், உரிந்த ஓரம். கொலோடியன் என்ன பொருள் என்று தெரிந்தால் இது இன்னும் ஆழமாகும்: நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தது அது. அந்தப் பஞ்சு வெடிமருந்து. அந்தக் கரைசலை மருத்துவர்கள் காயத்தின் மேல் பூசித் தோலை மூடினார்கள். ஆயுதமும் மருந்தும் படமும் ஒரே புட்டியில். கேமரன் தற்செயலாக ஏற்றுக்கொண்ட கறைகளை மேன் வரவேற்று அழைக்கிறார். நிலம் தன் சாவுகளை வைத்திருக்கிறது என்று அவர் சொல்ல வருவது கறைகளால் மட்டும் நிறுவப்படுவதில்லை; அந்த வேதிப்பொருள் அந்தப் போரைக் கண்டிருக்கிறது என்பதாலும் நிறுவப்படுகிறது.

ஜப்பானின் தகாஷி அராய் இன்னும் பின்னால் போய் டாகேரின் தகட்டைப் பிடித்தார். 2011 அணு உலை விபத்துக்குப் பின் ஃபுகுஷிமாவையும், 1954-இல் பிகினி ஹைட்ரஜன் குண்டுச் சாம்பலில் நனைந்த மீன்பிடிப் படகையும், ஹிரோஷிமாவையும் அவர் வெள்ளித் தகட்டில் எடுத்தார். வெள்ளித் தகடு கண்ணாடி மாதிரி. கோணம் மாறினால் படம் மறைந்து பார்ப்பவர் முகம் தெரியும். இந்தப் பேரழிவில் உனக்கும் பங்கு என்று வாயால் சொல்லாமல் தகடே சொல்லும். பிரதி கிடையாது என்பதால் ஒவ்வொன்றும் நினைவுக்கல் போல ஒற்றையாக நிற்கிறது.

இதே ஃபுகுஷிமாவில் பிறந்த ஷிம்பெய் டகேடா எடுத்த வழி இதைவிடக் கறாரானது. கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் படச்சுருளுக்குத் தெரியும். 1896-இல் பெக்கரெல் கதிரியக்கத்தைக் கண்டதே கறுத்துப்போன புகைப்படத் தகட்டினால்தான். டகேடா கோயில், கோட்டை, பழைய போர்க்களம் எனச் சாவோடும் பிறப்போடும் தொடர்புள்ள இடங்களில் மண் எடுத்து வந்து, இருட்டில் படச்சுருளின் மேல் பரப்பி ஒரு மாதம் விட்டார். சில தாள்களில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. நிஹோன்மட்சு ஊர்க் கோட்டை மண் வைத்த தாளில் விண்மீன் கூட்டம்போலப் புள்ளிகள். விண்மீன் அல்ல, சீசியம். எந்தக் கேமராவாலும் எடுக்க முடியாத படம். தெரியாத ஒன்றைத் தெரியவைக்கும் ஒரே வழி அதுதான். நான் மேலே சொன்ன கேள்விக்கு இதைவிட முழுமையாக விடை தரும் படைப்பை நான் அறியேன். எனினும் அதன் அழகு உறுத்துகிறது. அளவீடாகப் பார்த்தால் அச்சம், படமாகப் பார்த்தால் வானம்.

அழகு உறுத்தும் இன்னோர் இடம் ரிச்சர்ட் மோஸின் காங்கோ. படைத்துறை, பச்சை வலைக்குள் மறைந்த எதிரியைக் கண்டுபிடிக்க உருவாக்கிய ஏரோகுரோம் என்ற அகச்சிவப்புச் சுருளில் அவர் கிழக்குக் காங்கோவின் ஆயுதக் குழுக்களை எடுத்தார். உயிருள்ள இலை அகச்சிவப்பை வீசியடிப்பதால் மலையும் காடும் ரோசா நிறத்தில் விழும். அதன் நடுவே துப்பாக்கிக்காரர்கள். 2013 வெனிஸ் கலைவிழாவில் அயர்லாந்தின் சார்பில் இது காட்டப்பட்டது. மறைந்ததைக் காட்டும் சுருளால் உலகம் பார்க்க மறுக்கும் போரைக் காட்டுவது பொருத்தமான எண்ணம். ஆனால் மறைவை வெளிப்படுத்தும் வேலையை அந்தச் சுருள் அங்கே செய்யவில்லை. சீருடைக்காரர்கள் ஒளிந்துகொண்டிருக்கவில்லை, கேமரா முன் நின்றிருக்கிறார்கள். எஞ்சுவது ரோசா. பார்வையாளரை நிறுத்தி வைக்கிறது, அதை மறுக்க முடியாது. நின்றவர் எதைப் பார்க்கிறார் என்பதுதான் கேள்வி.

வியட்நாமில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பின் டான் இலைகளிலேயே படம் அச்சிடுகிறார். இலையின் மேல் பாசிட்டிவ் தாளை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் நாட்கணக்கில் வைப்பார். ஒளி பட்ட இடத்தில் பச்சையம் வெளிறும். மறைந்த இடம் பச்சையாகவே நிற்கும். வியட்நாம் போரின் முகங்களும், கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறையில் கொல்லப்படுவதற்கு முன் எடுக்கப்பட்ட கைதிகளின் முகங்களும் இலை நரம்புகளுக்கு நடுவே வருகின்றன. போர் நடந்தது வியட்நாமின் காட்டில்; இலையுதிர்க்கும் நச்சு தெளிக்கப்பட்டதும் அந்தக் காட்டின் மேல்தான். புதைந்தவர்களின் உடல் மண்ணாகி இலைக்குள் ஏறியிருக்கும் என்ற எண்ணம் அங்கே உவமையாக நிற்கவில்லை, உயிரியல் நிகழ்வாகவே நடக்கிறது. எனக்கு ஒரே ஒரு தயக்கம். அந்த இலைகளை அவர் பிசினுக்குள் பதித்து அழியாமல் காக்கிறார். வாடுவதே பொருளாக இருக்கும் ஒன்றைக் காட்சியகத்துக்காக நிறுத்தி வைப்பது சமரசம்தானே. பிரிட்டனின் அக்ராய்ட், ஹார்வி இணை விதைத்து வளர்த்த புல்லிலேயே முகங்களை வருவிப்பவர்கள். புல் வாடும்போது முகமும் போகும். பின்னர் அவர்களும் நிறம் மங்காத புல் வகையைத் தேடி அறிவியலாளர்களிடம் போனார்கள். கலைஞருக்கும் சேகரிப்பாளருக்கும் இடையே இழுபறி நடக்கும் இடம் இது.

செய்முறை என்றதும் வேதிப்பொருளை மட்டும் எண்ணுவது குறுகல். கௌரி கில் மகாராஷ்டிரத்தின் கஞ்சாட் கிராமத்தில் வார்லி ஓவியர் ராஜேஷ் வாங்கட்டை அவருடைய நிலத்தில் நிறுத்திப் படமெடுத்தார். அந்த இடத்தைப் பற்றி வாங்கட் சொன்ன கதைகள் எதுவும் படத்தில் வரவில்லை என்று கண்டதும் அச்சிட்ட படத்தை அவரிடமே கொடுத்தார். வெற்று வானத்திலும் தரிசிலும் வாங்கட் கோடுகளால் காட்டையும் கலகத்தையும் பஞ்சத்தையும் தெய்வங்களையும் நிரப்பினார். ட்ரைப் வரைந்த மேகம் குறையை மறைத்தது; இங்கே வரைந்த கோடு குறையைச் சுட்டுகிறது. படத்தை முடிக்காமல் இன்னொருவர் கையில் கொடுப்பதும் ஒரு செய்முறைதான், அதிலும் தன் அதிகாரத்தைக் குறைத்துக்கொள்ளும் செய்முறை.

டிஜிட்டலுக்குச் செய்முறை இல்லை என்பது மூடநம்பிக்கை. கைப்பேசி பல சட்டகங்களைக் கலந்து, படத்தில் விழும் புள்ளி இரைச்சலைத் தேய்த்து, தோலை மழமழப்பாக்கி நம்மிடம் ஒன்றை நீட்டுகிறது. முடிவுகளைத் தொழிற்சாலை எடுத்துவிட்டது, அவ்வளவுதான். தாமஸ் ரூஃப் 2000-களில் செய்த ‘ஜேபெக்’ வரிசை இதைப் பிளந்து காட்டியது. இணையத்தில் கிடைத்த, சுருக்கிச் சுருக்கி நைந்த படங்களை எடுத்து ஆளுயரத்துக்கு மேல் பெருக்கினார். எரியும் இரட்டைக் கோபுரமும் அதில் ஒன்று. அருகே போனால் எட்டுக்கு எட்டுச் சதுரங்கள் மட்டும். உலகம் முழுவதும் கண்ட அந்தப் பேரழிவை நாம் எவ்வளவு குறைந்த தகவலில் பார்த்து நம்பினோம் என்பது உறைக்கிறது.

தேர்வு என்று பேசுகிறோம். கடையில் இருப்பதைத்தான் தேர முடியும். உதகையில் 1960-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் ‘இந்து’ படச்சுருளும் புரோமைட் காகிதமும் இந்நாட்டு ஸ்டூடியோக்கள் பலவற்றுக்குச் சாதாரணத் தேவையாக இருந்தன. இன்று அது இல்லை. கோடாக்குரோமைக் கழுவிய கடைசி ஆய்வகம் 2010 இறுதியில் நிறுத்திவிட்டது. டை-டிரான்ஸ்ஃபர் சாமான்களைக் கோடாக் 1990-களில் கைவிட்டது, ஏரோகுரோமும் போயிற்று. கலைஞர்கள் 1970-களுக்குத் திரும்பாமல் 1850-களுக்குத் திரும்புவதற்கு ஏக்கத்தைவிட இதுதான் நடைமுறைக் காரணம். தொழிற்சாலை செய்த சுருள் தொழிற்சாலையோடு போகும். கொலோடியன், கம், சயனோடைப், இலை அச்சு ஆகியவற்றைக் கையாலேயே செய்துகொள்ளலாம். மோஸின் ரோசா நிறத்தோடு அதே சுருளில் வாதாடிப் பார்க்க இனி ஒருவருக்கு வழி கிடைப்பது அரிது. பின் டானோடு வாதாட வேண்டுமானால் ஒரு தேக்கிலையோ வாழையிலையோ போதும். எது படத்தைப் பிடிக்கும், எது கருகும் என்பதை மொட்டைமாடி வெயிலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.